மின்சிக்கனப் போட்டி: எதை அளப்பது, யாரோடு ஒப்பிடுவது?

சாட்டியில் எரியும் விளக்கும் நயினாதீவில் எரியும் விளக்கும் ஒரே வெளிச்சத்தைத்தான் தருகின்றன. ஆனால் அவற்றுக்குப் பின்னாலுள்ள செலவு வேறு. சாட்டி இருக்கும் வேலணைத் தீவு பண்ணைத் தாம்போதி வழியாக யாழ்ப்பாணத்தோடும் தேசிய மின்வலையமைப்போடும் இணைந்தது. நயினாதீவும் நெடுந்தீவும் அனலைதீவும் அந்த வலையமைப்புக்கு வெளியே, கடல் கடந்து வரும் டீசலில் மின்பிறப்பாக்கிகளை ஓட்டி வந்த தீவுகள். அலுவலகங்களும் வங்கிகளும் விடுதிகளும் மின்சாரத்தைச் சேமிக்க நட்புப் போட்டி நல்ல வழி என்று இப்போது பல நாடுகளில் பேசப்படுகிறது. அந்த வழியை எடைபோட இந்தத் தீவுகள் பொருத்தமான இடம்.

போட்டிக்கு வலு உண்டு. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2010-இல் 14 கட்டடங்களை மோதவிட்டது. வடகரோலினாப் பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதியான மொரிசன் மண்டபம் தன் சக்திப் பயன்பாட்டை 35.7 சதவீதம் குறைத்து வென்றது. குளிரூட்டல், வெப்பமூட்டல் பொறிகளைச் சீராக இயக்கியதும், விளக்குகளை மாற்றியதும், மாணவர்களை அந்த வேலைக்குள் இழுத்ததும் சேர்ந்துதான் அந்த வெற்றி. போட்டியின் முதல் நன்மை இதுதான்: மாதாந்த மின்பட்டியல் கணக்குப் பிரிவின் கோப்பிலிருந்து வெளியே வந்து எல்லோர் கண்ணிலும் படுகிறது. இலங்கையிலும் நிலைபெறுதகு வலு அதிகாரசபை சிக்கனமாக இயங்கும் நிறுவனங்களுக்குத் தேசிய விருது வழங்குகிறது. பாராட்டு ஒருவரைத் தூண்டும் என்பதில் ஐயமில்லை.

குறைகள் அளவுகோலில் இருக்கின்றன. முதலாவது, தொடக்கப் புள்ளி. இலங்கையில் 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்ந்தன. அந்த அடியில் குளிரூட்டியை நிறுத்தி, சன்னலைத் திறந்து சமாளித்த அலுவலகத்துக்கு இனிக் குறைக்க அதிகம் மிச்சமில்லை. அன்று அசையாமல் இருந்த அலுவலகமோ இன்று பழைய விளக்குகளை மாற்றியே 20 சதவீதம் காட்டிவிடலாம். சதவீதத்தை மட்டும் பார்த்துப் பரிசு கொடுத்தால், முன்பே சிக்கனமாக இருந்தவர் தோற்கிறார்.

இரண்டாவது, ஒப்பீடு எதிர்த்திசையிலும் வேலை செய்யும். கலிபோர்னியாவின் சான் மார்க்கோசில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், அயலாரின் சராசரியை அறிந்ததும் அதிகம் செலவிட்ட வீடுகள் குறைத்துக்கொண்டன; குறைவாகச் செலவிட்ட வீடுகளோ கூட்டிவிட்டன. சராசரியைத் தெரிவித்த தாளில் பாராட்டுக்கு அடையாளமாக ஒரு சிரித்த முகத்தை வரைந்தபோது அந்தக் கூட்டல் நின்றது. வீடுகளில் கண்டது அலுவலகங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் வெறும் தரவரிசை போதாது என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது.

மூன்றாவது குறைதான் பெரியது. எல்லா யூனிட்டும் ஒரே எடை கொண்டதல்ல. தேசிய வலையமைப்பில் மாலை 6.30 முதல் 10.30 வரைதான் உச்சத் தேவை. பகலிலோ நிலைமை மாறியிருக்கிறது: 2025 ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறையின்போது, தேவை குறைந்ததால், கூரைச் சூரியத்தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்கும்படி உரிமையாளர்களிடம் கேட்க நேர்ந்தது. ஆகவே வேலணையில் ஒரு விடுதி மாலையில் மிச்சம்பிடிக்கும் யூனிட், விடுமுறை நாளின் நண்பகலில் மிச்சம்பிடிக்கும் யூனிட்டைவிடப் பெறுமதியானது. நெடுந்தீவில் டீசல் எரியும் வரையில் எந்த நேரத்து யூனிட்டும் எரிபொருளே. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரியத்தகடு, காற்றாலை, மின்கலம் சேர்ந்த கலப்பு மின்திட்டத்துக்கு இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. அதில் 530 கிலோவாட் காற்றுவலுவும் 1,700 கிலோவாட் சூரியவலுவும் அடக்கம். அப்படியொரு அமைப்பிலும் பகல் யூனிட்டும் இரவு யூனிட்டும் ஒன்றாகா. வெறுமனே மொத்தத்தைக் கூட்டும் போட்டி இந்த வேறுபாட்டைக் காணாது.

இன்னொரு தீங்கும் உண்டு. வெற்றிக்காக ஊழியரைப் புழுக்கத்தில் இருத்துவதும், வைத்தியசாலையின் மருந்துக் குளிர்ப்பெட்டியில் கைவைப்பதும் சிக்கனம் ஆகா. வைத்தியசாலைகளை இந்தப் பந்தயத்தில் சேர்க்கவே கூடாது. மின்கட்டணத்தை எங்கோ இருக்கும் தலைமை அலுவலகம் கட்டுகிற கிளைகளில், மிச்சமான பணத்தில் ஒரு பங்காவது அந்தக் கிளைக்குத் திரும்பாவிட்டால் உற்சாகம் பரிசளிப்பு விழாவோடு முடிந்துவிடும்.

ஆகவே என் தீர்ப்பு இது: போட்டி தொடங்கி வைப்பதற்கு நல்லது, நடத்திச் செல்வதற்குப் போதாது. ஒவ்வொரு கட்டடத்தையும் அதன் சொந்த முந்தைய ஆண்டோடு, அதே மாதத்தோடு ஒப்பிட வேண்டும். தளப்பரப்பையும் வந்துபோகும் ஆட்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். மாலை உச்சநேர யூனிட்டுக்குக் கூடுதல் புள்ளி தர வேண்டும். முன்பே குறைத்தவருக்குத் தனி மதிப்பு வேண்டும். வென்றவர் செய்ததை மற்றவருக்குச் சொல்லித்தருவதும் விதியாக வேண்டும். வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவு பிரதேச செயலகங்களும் அங்குள்ள வங்கிக் கிளைகளும் விடுதிகளும் இந்த விதிகளோடு ஓராண்டு முயன்று பார்க்கலாம். முதல் வேலையாக, இந்த மாத மின்பட்டியலைப் போன ஆண்டின் பட்டியலோடு பக்கத்தில் வைத்து, ஊழியர் எல்லோரும் பார்க்கும் சுவரில் ஒட்டுங்கள்.