கத்தியில் பெருகும் அல்லி

அல்லி என்றால் நமக்கு நிலவு. ஊர்க் குளத்தில் இரவு முழுக்க விழித்திருந்து, வெயில் ஏறியதும் கூம்பிவிடும் பூ. இங்கிலாந்தில் என் வீட்டுப் பின்புறக் குளத்தில் இருப்பது வேறு சாதி. காலை பத்து மணி வாக்கில் சாவகாசமாகக் கண் திறக்கும். பிற்பகல் நான்கைந்து மணிக்குக் கடையைக் கட்டிவிடும். நம்மூர் அல்லிகளில் பல காம்பை நீட்டித் தண்ணீருக்கு மேல் தலை தூக்கி நிற்கும். இது இலையோடு இலையாகத் தண்ணீர்மேலேயே உட்கார்ந்திருக்கும். குளிர்காலத்தில் குளத்தின் மேல்பரப்பு கண்ணாடியாக உறைந்தாலும் அடியில் கிழங்கு உயிரோடு கிடக்கும். குளிர் தாங்கும் அல்லி.

ஐரோப்பாவில் இந்த வகை வெகுகாலம் வெள்ளையாகவே இருந்தது. விதிவிலக்காக, சுவீடனில் ஃபாகர்டேர்ன் என்ற ஏரியில் சிவப்புச் சாயல் கொண்ட ஒரு வகை உண்டு. இன்று நாம் காணும் மஞ்சளும் ரோஜாவும் மாதுளைச் சிவப்பும் பெரும்பாலும் ஒரே மனிதரின் கைவேலையில் தொடங்கியவை. ஜோசப் போரி லத்தூர் மர்லியாக், தென்மேற்கு பிரான்சின் லோ ஆற்றோரச் சிற்றூர் ஒன்றில் 1875-இல் நாற்றங்கால் போட்டார். ஐரோப்பிய வெள்ளை, மெக்சிகோ மஞ்சள் போன்ற தூரத்துச் சொந்தங்களைக் கலந்து வண்ணம் வண்ணமாக எடுத்தார். எப்படி என்பதை முழுசாக யாருக்கும் சொல்லாமலே 1911-இல் போய்ச் சேர்ந்தார். நாட்டு வைத்தியர் மருந்தை மறைத்ததுபோல.

1889 பாரிஸ் கண்காட்சியில் அவர் பூக்களை ஊரே பார்த்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஓவியர் மோனே, தான் வாழ்ந்த ஜிவெர்னியில் குளம் வெட்டினார். அயல்நாட்டுச் செடி தண்ணீரைக் கெடுத்துவிடும் என்று அக்கம்பக்கத்தார் பயந்தார்கள். அதிகாரிக்கு மனு எழுதி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 1894-இல் மர்லியாக்கிடம் செடி வாங்கினார். மீதிக் கதையை அவர் வரைந்த அல்லி ஓவியங்கள் சொல்லிவிட்டன. எனக்கு அந்த ஓவியங்களில் ஒரு சின்ன மனக்குறை உண்டு. பூக்கள் எல்லாம் தூரத்தில் இருக்கின்றன. இந்த அல்லியை மண்டியிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

மண்டியிட்டால் தெரிவது இது. முதல் நாள் காலை விரியும் பூவின் நடுவில் ஒரு குட்டிக் கிண்ணம். அதில் கண்ணீர் கோத்ததுபோல் தெளிந்த நீர். சுற்றிலும் மகரந்தத் தாள்கள் சுவர்போல் நிற்கும், ஆனால் தூளை இன்னும் அவிழ்த்திருக்காது. வேறு பூவில் மேய்ந்துவிட்டு வரும் சிறு பூச்சி வழுக்கி அந்த நீரில் விழும். அதன் உடம்பில் ஒட்டிய மகரந்தம் கழுவப்பட்டுப் பூவுக்குப் போய்ச் சேரும். பூச்சி சில சமயம் ஏறிப் போகும், சில சமயம் அங்கேயே முடிந்துவிடும். ஒருமுறை புல் நுனியால் ஒன்றைத் தூக்கிவிட்டேன். இறகை உதறிவிட்டு அடுத்த பூவின் கிண்ணத்துக்கே போனது. மறுநாள் கிண்ணம் வற்றியிருக்கும். தாள்கள் உள்பக்கம் வளைந்து அதை மூடத் தொடங்கும். இப்போதுதான் மஞ்சள் தூள். நேற்றுப் பெண், இன்று ஆண். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ மாலையில் கூம்பிய பூ மறுபடி விரியாது. காம்பு வளைந்து அதைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொள்ளும், விதையை அடியில் பழுக்கவைக்க. என் குளத்தில் இதுவரை ஒரு விதையும் கண்டதில்லை. ஆனாலும் ஒவ்வொரு பூவும் தவறாமல் மூழ்குகிறது.

வளர்ப்பது பெரிய வித்தையில்லை, சில பிடிவாதங்கள் தெரிந்தால் போதும். கனமான களிமண் வேண்டும். கடையில் விற்கும் உரக்கலவை மிதந்துபோய்க் குளத்தைக் குழப்பும். கிழங்கைக் கூடையின் ஓரத்தில் சாய்த்து, வளர்முனை நடுவைப் பார்க்க, மண்ணுக்கு வெளியே தலை தெரிய நட வேண்டும். மேலே கூழாங்கல். முதலில் செங்கல் அடுக்கி உயரத்தில் வைத்து, இலைக்காம்பு நீள நீள ஒவ்வொரு கல்லாக எடுத்து இறக்க வேண்டும். ஆறு மணி நேர வெயில். நீரூற்று கூடவே கூடாது. இலைமேல் தண்ணீர் தெறித்துக்கொண்டே இருந்தால் இந்தப் பூவுக்குப் பிடிக்காது.

அரிய வகை தேடுகிறவனுக்குத் தொல்லை வேறு இடத்தில். பெயர். ‘எஸ்கார்பூக்கிள்’, 1909-இல் மர்லியாக் தந்த சிவப்பு. மாணிக்கக்கல் என்று அர்த்தம். அதற்காக ஒரு நாற்றங்காலில் பணம் கட்டினேன். முதல் கோடையில் சோகை பிடித்த ரோஜா நிறத்தில் ஒரே பூ. ஏமாற்றிவிட்டார்கள் என்று கடிதம்கூட எழுதி வைத்தேன். நல்லவேளை, அனுப்பவில்லை. சிவப்பு அல்லிகள் புது இடத்தில் முதல் வருடம் வெளிறித்தான் பூக்கும். இரண்டாம் கோடையில் கொஞ்சம் ரத்தம் ஏறியது. மூன்றாவதில், கறுத்த தண்ணீர்மேல் அணையாத கங்கு. ஆனால் அதே கடையில் வாங்கிய மஞ்சள், மூன்று வருடம் பொறுத்தும் வெள்ளையாகவே பூத்தது. அங்கே பெயர்ச்சீட்டுதான் தப்பு.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. விதை பிடிக்கும் வகையிலும் விதையில் வருவது அதே பூவாக இருக்காது. அதனால் பெயர் பெற்ற ஒவ்வொரு அல்லியையும் கிழங்கை வெட்டித்தான் பெருக்க வேண்டும். கைமாறும்போது சீட்டு தொலையலாம், செடி மாறாது. யார்க்‌ஷயரில் பர்ன்பி ஹால் தோட்டத்து ஏரிகள் ஒரு காலத்தில் மீன்பிடிக்க வெட்டியவை. இன்று குளிர் தாங்கும் அல்லிகளின் பெரிய தொகுப்பு அங்கே இருக்கிறது. சீட்டும் செடியும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க நான் அங்கே போவேன், ஜாதகப் பொருத்தம் பார்க்கிற மாதிரி.

போன வசந்தத்தில் எஸ்கார்பூக்கிளின் கூடை நிரம்பி விளிம்பைத் தாண்டிவிட்டது. மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை பிரிக்காவிட்டால் இலை குவியும், பூ குறையும். கிழங்கைத் தூக்கிப் புல்லில் போட்டுக் கழுவினேன். கை முழுக்கச் சேற்று நாற்றம். ரொட்டிக் கத்தி வைத்து, முளையோடு ஒரு சாண் நீளம் அறுத்தேன். உள்ளே வெளுத்த, பஞ்சுபோன்ற சதை. ஈரச் செய்தித்தாளில் சுற்றி நண்பர் கையில் கொடுத்தேன்.

“எத்தனை வயசுச் செடி அண்ணா?”

மூன்று என்று சொல்ல வாயெடுத்தேன். நூறுக்கு மேல் என்றேன். அவர் பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முனையை மண்ணுக்குள் புதைத்துவிடாதீர்கள், முதல் வருடம் நிறத்தைப் பார்த்து என்னைத் திட்டாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.