காரம் என்றால் காரமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூரம் போயிருந்தேன். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், வயல்களுக்கு நடுவே இருக்கிற சின்ன ஊர். கூரத்தாழ்வான் பிறந்த ஊர் என்று வைணவர்களுக்குத் தெரியும். பல்லவர் செப்பேடு கிடைத்த ஊர் என்று சரித்திரக்காரர்களுக்குத் தெரியும். எனக்கு இரண்டுமே அரைகுறையாகத்தான் தெரியும். அதனால்தான் போனேன்.

நடை திறக்க நேரம் இருந்தது. திண்ணையில் ஒரு ஆயா பூக் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பேத்தி. பிளஸ் ஒன் படிக்கிறாளாம். பத்தாவது வரை தமிழ் மீடியம், இப்போது இங்கிலீஷ் மீடியம். கையில் ஒரு லாங் சைஸ் நோட்டு. பக்கத்தின் நடுவில் கோடு. இடது பக்கம் இங்கிலீஷ், வலது பக்கம் தமிழ். கண்ணை மூடிக்கொண்டு உருப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“சொல்யூஷன் ஈக்வல் டு தீர்வு. சொல்யூஷன் ஈக்வல் டு கரைசல். பேஸ் ஈக்வல் டு அடித்தளம். பேஸ் ஈக்வல் டு காரம்...”

சட்டென்று நிறுத்தினாள். என்னைப் பார்த்து, “சார், பேஸ்னா காரம்னு போட்டிருக்கு. அப்போ மிளகாய் பேஸா சார்?” என்றாள்.

நான் பி.காம். வேதியியலுக்கும் எனக்கும் பத்தாம் வகுப்போடு சுமுகமாகப் பாகப்பிரிவினை ஆகிவிட்டது. ஆனாலும் கேள்வி என்னை விடவில்லை. வீட்டுக்கு வந்து அகராதிகளைப் புரட்டினேன். வேதியியல் வாத்தியார் நண்பரைப் போனில் பிடித்து அறுத்தேன். இந்த வாரக் கட்டுரை அந்த அறுவையின் பலன்.

விஷயம் இதுதான். சித்த மருத்துவத்தில் வெங்காரம், படிகாரம் என்று ஒரு பட்டாளமே உண்டு. அந்தக் ‘காரம்’ மிளகாய்க் காரம் இல்லை. அந்தக் குடும்பத்திலிருந்துதான் பாடப்புத்தகம் ‘பேஸ்’ என்பதற்குக் காரத்தை எடுத்துக்கொண்டது. நல்ல தேர்வுதான். தெற்கத்திக் கிராமங்களிலும் யாழ்ப்பாணத்திலும் சோப்பைச் சவுக்காரம், சவர்க்காரம் என்பார்கள். அந்தச் சொல்லுக்குள்ளேயே காரம் உட்கார்ந்திருக்கிறது. சோப்பு பேஸ் ஜாதி. வாயில் பட்டால் கசக்கும், கையில் வழுக்கும். இதை ஒரு வரி சொல்லிக் கொடுத்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு மிளகாய் ஞாபகம் வந்திருக்காது. யாரும் சொல்லவில்லை. ஈக்வல் டு போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

என்னுடைய புகார் அந்த ஈக்வல் டு மேல்தான்.

‘வேர்டு மீனிங்’ என்று நாம் பள்ளிக்கூடத்தில் ஒரு வியாதியை வளர்த்து வைத்திருக்கிறோம். ஓர் இங்கிலீஷ் சொல், எதிரே ஒரு தமிழ்ச் சொல். அர்த்தம் தெரிந்துவிட்டதாக இரண்டு பேருக்குமே நிம்மதி, வாத்தியாருக்கும் பிள்ளைக்கும். ஆனால் அர்த்தம் என்பது எதிர்ப்பக்கத்தில் எழுதுகிற இன்னொரு சொல் இல்லை. அந்தச் சொல் எந்தப் பொருளை, எந்த வேலையைச் சுட்டுகிறதோ அதுதான் அர்த்தம். பொருளைக் காட்டாமல் சொல்லுக்குச் சொல் மாற்றுவது, சில்லறை கேட்டவனுக்கு வேறு நாட்டு நோட்டைக் கொடுப்பது மாதிரி.

தமிழ்ச் சொல் கொடுத்தாலே தானாகப் புரிந்துவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு என் சொந்த அனுபவம் ஒன்று. கல்லூரியில் டெபிட் என்றால் பற்று, கிரெடிட் என்றால் வரவு என்று எழுதிப் போட்டார்கள். வீட்டில் பணம் வந்தால் வரவு என்றுதானே சொல்லுவோம்? கணக்குப் பதிவியலில் பணம் உள்ளே வந்தால் ரொக்கக் கணக்கில் பற்று! ஒரு செமஸ்டர் முழுக்கத் தலைகீழாகப் போட்டேன். கடைசியில் தெளிய வைத்தவர் மளிகைக் கடை வைத்திருந்த என் தாத்தா. பேரேட்டைப் பிரித்துக் காட்டினார். “வாடிக்கைக்காரன் பேர்ல பற்றுன்னா, அவன் நம்மகிட்டே வாங்கிக்கிட்டுப் போனதுடா. வரவுன்னா அவன்கிட்டேருந்து நமக்கு வந்தது. கல்லாப்பெட்டியையும் ஓர் ஆளா நினைச்சுக்கோ. பணத்தை அது வாங்கிக்கிச்சு. அதனால அது பேர்ல பற்று.” அவ்வளவுதான். ஆறு மாதம் புரியாதது ஆறு வாக்கியத்தில் புரிந்தது. சொல் அதேதான். கூடவே பேரேடு இருந்தது, அதுதான் வித்தியாசம்.

சரி, இங்கிலீஷ்காரனுக்காவது அவன் சொற்கள் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கின்றனவா என்றால், அதுவும் இல்லை. ஆக்சிஜன் என்ற பெயரை வைத்தவர் பிரெஞ்சுக்காரர் லவாய்சியர். கிரேக்க வேர்ச்சொற்களைக் கோத்து வைத்த அந்தப் பெயருக்கு, அமிலத்தை உண்டாக்குவது என்று பொருள். எல்லா அமிலத்திலும் அது இருக்கிறது என்று அவர் நம்பினார். 1810-ல் ஹம்ப்ரி டேவி, உப்பிலிருந்து எடுக்கிற அமிலத்தில் ஆக்சிஜனே கிடையாது என்று காட்டிவிட்டார். பெயரின் அர்த்தம் தப்பு என்று தெரிந்தும் உலகம் பெயரை மாற்றவில்லை. பெயர் அடையாளத்துக்கு, விளக்கம் தனியாக என்று விட்டுவிட்டார்கள். நாம் பிராணவாயு என்றோம், உயிர்வளி என்றோம். 2021-ல் கொரோனா இரண்டாவது அலையில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தவர்கள் தேடியது ஆக்சிஜன் சிலிண்டரைத்தான். உயிர் போகிற நேரத்தில் வாயில் வருவதுதான் சொல்.

இதற்காகத் தமிழில் சொல்லே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. முயன்றவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. அமெரிக்காவிலிருந்து 1847-ல் யாழ்ப்பாணம் வந்த டாக்டர் சாமுவேல் கிரீன், தமிழ்ப் பையன்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் சொல்லிக் கொடுத்தார். 1875-ல் வந்த அவருடைய வேதியியல் புத்தகத்தின் பெயர் ‘கெமிஸ்தம்’. மொழிக்காரர்கள் முகம் சுளிக்கலாம். படித்தவர்கள் டாக்டரானார்கள்.

1916-ல், சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி, தமிழில் விஞ்ஞானச் சொற்களை உண்டாக்குவதற்கென்றே நண்பர்களோடு ஒரு சங்கம் ஆரம்பித்தார். பிறகு அவர் எழுதிய வேதியியல் புத்தகத்துக்கு வைத்த பெயர் ‘திண்ணை ரசாயனம்’. எனக்கு அந்தத் தலைப்பே ஒரு பாடத்திட்டமாகத் தெரிகிறது. ரசாயனத்தை ஆய்வுக்கூடத்திலிருந்து திண்ணைக்குக் கூட்டிக்கொண்டு வா, பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் நாம் பெயரைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டோம். 1940-ல் சீனிவாச சாஸ்திரி தலைமையில் அரசாங்கம் அமைத்த கலைச்சொல் குழு வடமொழிப் பக்கம் சாய்கிறது என்று பெரிய எதிர்ப்பு எழுந்தது. எதிர்ப்பில் நியாயம் இருந்தது. தமிழில் இருக்கிற சொல்லை விட்டுவிட்டு எதற்கு வெளியே போக வேண்டும்? ஆனால் வடமொழியா, தனித்தமிழா, இங்கிலீஷா என்று பெரியவர்கள் வழக்காடியதில், வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குப் புரிகிறதா என்ற கேள்வி பின்பெஞ்சுக்குப் போய்விட்டது.

நல்ல சொற்கள் கிடைத்த இடங்களைப் பாருங்கள். கற்பூரம் உருகாமலே ஆவியாகிறதே, அதற்குப் பாடப்புத்தகத்தில் பதங்கமாதல் என்று பெயர். யாரோ குளிர்சாதன அறையில் உட்கார்ந்து செய்த சொல் இல்லை. சாம்பிராணியைச் சூடாக்கி, மேலே படிகிறதை எடுத்துப் பதங்கம் என்று விற்ற சித்த வைத்தியரின் சொல். வேதியியல் என்ற பெயரை வேதத்தோடு முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. தாழ்ந்த உலோகத்தைத் தங்கமாக மாற்றுகிற வித்தைக்குச் சித்தர்கள் வைத்த பெயர் வேதை. ஒன்றை இன்னொன்றாக்குகிற படிப்புக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல் கிடைக்காது.

கூரத்திலிருந்து ஒரு பஸ்ஸோ இரண்டு பஸ்ஸோ மாறினால் உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிற ஊர். அதில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று குழுக்களின் பெயர் வருகிறது. ‘போர்டு’ என்பதற்குச் சொல் தேடியபோது யாரோ ஒரு புண்ணியவான் அந்த ஆயிரம் வருஷத்துச் சொல்லைக் கொண்டுவந்து வைத்தார். இன்றைக்கு வீட்டுவசதி வாரியம், குடிநீர் வாரியம் என்று வாய் நிறையச் சொல்கிறோம். வரி கட்டுகிறவனுக்கும் புரிகிறது. ஏற்கெனவே ஒரு வேலை பார்த்த சொல்லுக்கு அதே வேலையைக் கொடுத்தார்கள். அதனால் நின்றது.

அகராதிகள் இதில் உதவுகின்றனவா? 1960-களில் அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வந்த சென்னைப் பல்கலைக்கழக ஆங்கிலம் – தமிழ் அகராதி, ஓர் அசுர உழைப்பு. குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஒரு சொல்லுக்கு நாலைந்து தமிழ்ச் சொற்கள் வரிசையாக நிற்கின்றன. எதை எந்த வாக்கியத்தில் வைப்பது என்று படிக்கிறவன்தான் முடிவு செய்ய வேண்டும். 1992-ல் முதலில் வந்து 2008, 2020 என்று வளர்ந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, சொல்லை வாக்கியத்தில் நடக்க விட்டுக் காட்டியது. ஆனால் அது தமிழ்ச் சொல்லில் தொடங்குகிற அகராதி. இங்கிலீஷ் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற பிளஸ் ஒன் பிள்ளைக்கு அதே தரத்தில் ஒன்று வேண்டும். இப்போதைக்கு அவளுக்கு லாங் சைஸ் நோட்டுதான்.

‘சொல்லுக்குச் சொல் சரியாக இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிப்போகும்?’ என்று நீங்கள் கேட்கலாம். முழுகிப்போயிருக்கிறது சார். 2018 மே மாதம் நடந்த நீட் தேர்வைத் தமிழில் எழுதியவர்கள் 24,000 பேருக்கு மேல். 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புக் கோளாறு என்று வழக்குப் போனது. சீட்டா என்ற மிருகம் தமிழில் ‘சீத்தா’ ஆகியிருந்தது. பரீட்சை அறையில் வியர்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்குச் சீத்தாப்பழம் ஞாபகம் வருமா, சிறுத்தை ஞாபகம் வருமா? சிவிங்கி என்று அதற்கொரு பழைய தமிழ்ப் பெயரே அகராதிகளில் தூங்குகிறது. ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கேள்விக்கு 4 வீதம் 196 மதிப்பெண் கொடுக்கச் சொன்னது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. சந்தேகம் வந்தால் இங்கிலீஷ் கேள்விதான் இறுதி என்று விதி இருந்தது. இங்கிலீஷ் சரியாகத் தெரியாததால்தானே ஐயா அவன் தமிழில் எழுதினான்?

என் ஆலோசனை எளிமையானது. கேள்வித்தாளை மொழிபெயர்க்காதீர்கள். அந்தப் பாடத்தைத் தமிழில் நடத்துகிற வாத்தியாரைக் கூப்பிட்டுத் தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள். பாடப்புத்தகத்தில் ஆக்சிஜனும் இருக்கட்டும், உயிர்வளியும் இருக்கட்டும். இரண்டுக்கும் நடுவில் ஈக்வல் டு போடாமல் ஒரு வாக்கியம் போடுங்கள். முடிந்தால் தொட்டுப் பார்க்க ஒரு பொருள்.

கூரம் செப்பேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டு. இரண்டு மொழியில் இருக்கிறது. ராஜாவின் குலப்பெருமை, போர் வர்ணனை எல்லாம் வடமொழி. ஏரி, பாலாற்றிலிருந்து வரும் கால்வாய், நிலத்தின் பங்கு, மண்டபத்தில் பாரதம் வாசிக்கிறவருக்கு என்ன என்பதெல்லாம் தமிழ். தண்ணீரும் நிலமும் யாருக்கு என்பது ஊருக்குப் புரிய வேண்டும் அல்லவா? அதை ஊர் பேசுகிற மொழியில் எழுதினார்கள். பல்லவ ராஜாவுக்குத் தெரிந்த இந்த நியாயம் பரீட்சை நடத்துகிறவர்களுக்கும் தெரிந்தால் நன்றாக இருக்கும்.

திண்ணைக்கு வருகிறேன். பேத்தியின் கேள்விக்கு நான் முழித்துக்கொண்டிருந்தபோது ஆயா தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “எங்க காலத்துல சோப்பு ஏது சார்? கரிப்பாத்திரத்துக்குச் சாம்பல், பித்தளைக்குப் புளி.”

அப்போது எனக்கு அதன் மதிப்புத் தெரியவில்லை. வாத்தியார் நண்பர் போனில் துள்ளிக் குதித்தார். சாம்பல் பேஸ், புளி ஆசிட். மொத்தப் பாடமும் அந்த அம்மா பாத்திரம் தேய்க்கிற இடத்தில் இருக்கிறது என்றார். அமிலம் என்ற சொல்லுக்கும் ஆசிட் என்ற சொல்லுக்கும் அடிவேர் புளிப்புதானாம். அல்கலி என்ற சொல் அரபு மொழியில் சாம்பலிலிருந்து வந்ததாம். பொட்டாசியத்தின் பெயருக்குள் இருப்பது பானைச் சாம்பலாம். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கலக்கினால் சிவக்கிறதே ஆரத்தி, அது அமிலமா காரமா என்று கண்டுபிடிக்கிற சோதனையேதான். மஞ்சள்தான் நிறங்காட்டி. இத்தனை வருஷம் நாம் ஆய்வுக்கூடத்தைத் தட்டில் வைத்துச் சுற்றிவிட்டு வாசலில் கொட்டியிருக்கிறோம்.

கூரத்தாழ்வானைப் பற்றி ஒரு கதை உண்டு. ராமானுஜர் ஸ்ரீபாஷ்யம் சொல்லச் சொல்ல எழுதியவர் அவர்தான். சொல்வது சரியென்று படாவிட்டால் எழுதுவதை நிறுத்திவிடு என்று ராமானுஜரே சொல்லியிருந்தாராம். ஓரிடத்தில் நிஜமாகவே எழுத்தாணியை வைத்துவிட்டாராம். குருவுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் பிறகு யோசித்துத் திருத்திக்கொண்டார் என்கிறார்கள்.

அதே ஊரில், ஈக்வல் டு போட்டு ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண் காரம் என்ற சொல்லில் வந்து நின்றாள். அவள் வாத்தியார்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். அவள் நிறுத்தும்போது கோபித்துக்கொள்ளாதீர்கள். கொஞ்சம் சாம்பலும் புளியும் கொண்டுவாருங்கள்.