வெளுத்த பம்பர்

காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்தில், திரைலோக்கியநாதர் கோயில் பக்கம் வெயிலிலேயே நிற்கும் பழைய மாருதி 800-இன் பம்பரைத் தடவினால் விரலில் சாம்பல் நிறத் தூள் ஒட்டும். அதைக் கறுப்பாக்குவதில் பாதி வேலை கழுவுவதுதான். சோப்புத் தண்ணீரும் பழைய டூத்பிரஷும் போதும். சொரசொரப்பின் குழிகளில் வெள்ளையாய்க் காய்ந்த பழைய பாலிஷை நிதானமாகக் கிளறியெடுக்க வேண்டும். ஈரம் முழுக்கக் காயாமல் கறுப்பாக்கும் மருந்தான டிரெஸ்ஸிங்கைப் பூசினால் திட்டுத்திட்டாகிவிடும்.

பிறகு ஸ்பாஞ்சில் சில சொட்டு டிரெஸ்ஸிங். ஒரே இழுப்பில் வெளுப்பு பின்வாங்க, கறுப்பு மேலெழுவது தனி சுகம். ஜன்னல் ரப்பர் பீடிங்கில் துணி முதலில் கிறீச்சிடும், ஊற ஊற வழுக்கும். தேங்காயெண்ணெய் பூசுவோரும் உண்டு; அது மினுங்கும், தூசியையும் சேர்க்கும். பளபளப்பெல்லாம் காஞ்சிப் பட்டுக்கே இருக்கட்டும், பம்பருக்கு மங்கிய கறுப்புதான் அழகு. அதற்காகவே மிச்ச மருந்தை உலர்ந்த துணியால் ஒற்றியெடுக்கிறார்கள்.