அரைவட்ட வளைவு

யாழ்ப்பாணத்துக் கொடிகாமச் சந்தியில் நின்றால் வடக்கே வரணி, தெற்கே கச்சாய். 1672இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான ஒல்லாந்தரான பால்டேயஸ் பாதிரியாரின் நூல் இரண்டு ஊர்த் தேவாலயங்களையும் சொல்கிறது. ஆனால் போர்த்துக்கேயர் காலத்துத் தேவாலயச் சுவரைப் பார்க்கச் சங்கானைக்குப் போவதே நல்லது. அங்குள்ள தேவாலயத்தின் கூரை போய்விட்டது, முருகைக்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த தடித்த சுவரும் அரைவட்ட வளைவும் நிற்கின்றன. எனக்கு அந்த வளைவே போதும். இப்படியான வளைவில் கற்கள் ஒன்றையொன்று நெருக்கியே விழாமல் நிற்கும். பாரம் பக்கவாட்டில் தள்ளும், சுவர் தடித்தால்தான் தாங்கும். 11, 12ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் ரோமனெஸ்க் ஆலயங்களும் இதே கணக்கில் எழுந்தவைதான். சுவர் பலவீனப்படும் என்று யன்னலைச் சிறிதாக வைத்தார்கள், உள்ளே இருட்டு. பின்வந்த கோதிக் பாணியின் வண்ணக் கண்ணாடிப் பகட்டைவிட அந்த இருட்டுத்தான் எனக்குப் பிடிக்கும்.