அளவையும் சாயலும்

மறுமலர்ச்சிக் கால இத்தாலியின் கலைக் கோட்பாட்டைப் பயில்வோர் அதன் மானுடப் பற்றை வியந்து போற்றுவர். அம்மானுடன் யார் என்னும் வினா அரிதாகவே எழுகிறது. 1400ஆம் ஆண்டையொட்டிச் சென்னினோ சென்னினி இயற்றிய ஓவிய நூல் இதற்கு ஒளிவுமறைவின்றி விடை தருகிறது. ஆணுடலின் அளவுகளை வரிசையாகக் கூறும் அவர், பெண்ணுடலுக்கு நிறைவான அளவு ஏதுமில்லை என்று அதனை விடுத்துச் செல்கிறார். (நம் சிற்ப நூல்கள் மும்மூர்த்திகளுக்கு உத்தம தசதாளமும் தேவியர்க்கு மத்திம தசதாளமும் வகுத்தன, அளவு உண்டு, ஒரு படி கீழே!)

வசாரியிடம் இக்கருத்து நுண்மை பெறுகிறது. தம் 'கலைஞர் வரலாறுகள்' நூலின் 1568ஆம் ஆண்டுப் பதிப்பில், அறிவினின்று பிறக்கும் 'டிசென்யோ', அதாவது கருத்துவடிவான வரைவு, ஓவியம், சிற்பம், கட்டடம் ஆகிய மூன்றற்கும் தந்தை என்கிறார். அங்ஙனமாயின் பெண்ணின் படைப்பு எங்கிருந்து பிறக்கும்? 1550ஆம் ஆண்டு முதற்பதிப்பில் தனி வரலாறு பெற்ற ஒரே பெண் கலைஞர் பொலோஞா நகரத்துப் புரொபெர்சியா தே ரோசி. சான் பெத்ரோனியோ ஆலயத்துக்கென அவர் யோசேப்பையும் போத்திபாரின் மனைவியையும் சலவைக்கல்லில் செதுக்கினார். படுக்கையிலிருந்து எட்டி மேலாடையைப் பற்றும் கையும், திமிறி ஓடும் இளைஞனும் கல்லில் உயிர்பெற்றுள்ளனர். வசாரி இதனைப் பாராட்டுகிறார். ஆயினும் கைகூடாக் காதலால் நொந்த சிற்பியின் சொந்தத் துயரையே அதில் காண்கிறார். ஆதியாகமம் 39ஐ ஆண் செதுக்கினால் வேத விளக்கம், பெண் செதுக்கினால் வாக்குமூலமோ? இவ்விளக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை.

இஃது அயலார் பழங்கதை என ஒதுக்கிவிடவும் இயலாது. சென்னைக் கலைப்பள்ளியின் முதல்வராயிருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை 1959 முதல் மெரினாவில் நிற்கிறது. பாறையை நெம்பும் நால்வரும் ஆடவர். தசைகளின் முறுக்கும் உடல்களின் ஒருமித்த சாய்வும் பெருமிதம் வாய்ந்தவை. சிற்பியின் திறத்தில் நமக்கு ஐயமில்லை. ஆனால் உழைப்பு என்னும் பொதுமைக்கு ஆணுடலே அளவையாகிவிட்டது. சென்னினி வாய்விட்டுச் சொன்னதை வெண்கலம் சொல்லாமற் சொல்கிறது.

வடசென்னை டோல்கேட்டில் நின்று நோக்குவோர்க்கு இக்குறை எளிதிற் புலப்படும். சற்றுத் தெற்கே, காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் வாங்கிச் சுமந்து விற்கும் பெண்கள் அச்சிலையில் இடம்பெறாதவர்கள். இப்பகுதிப் போதகர் மே தின ஆராதனையில் அச்சிலையை உவமையாக எடுத்தாளுவாராயின், அன்றைய வேதபாடம் ஆதியாகமம் 1:27ஆக இருக்கட்டும். தேவசாயலில் ஆணும் பெண்ணும் படைக்கப்பட்டதாகக் கூறும் அவ்வசனத்தைக் கேட்டபின், ஐந்தாவது உருவம் எங்கே என்று சபையிலிருந்து ஒரு மீன்காரப் பெண் வினவினால், அவர் என்ன விடை கூறுவார்?