வாசித்த கை உளி பிடித்தால்

வீணை செய்கிறவர் வேறு, வாசிக்கிறவர் வேறு என்பது நம்மூர் வழக்கம். தஞ்சாவூர் ஆசாரி பலாமரத்தைக் குடைந்து குடமும் தண்டியும் யாளியும் செய்து முடிப்பார். மேளம் வைக்கிற நேரத்தில் வித்வான் பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுப்பார். தேன்மெழுகில் கரி கலந்த கறுப்புப் பட்டையின் மேல் 24 மெட்டுகளையும் ஒவ்வொன்றாக நகர்த்தி, சுருதி சேர்ந்த இடத்தில் அழுத்தினால் ஆயிற்று. சில வருஷம் கழித்து மெழுகு இளகினால் மறுபடி மேளம் வைத்துக்கொள்ளலாம்.

கிட்டார் அப்படி மன்னிக்காது. மெட்டுக்கான கீறலை ரம்பத்தால் போட்டுவிட்டால் போட்டதுதான். கம்பியின் நீளம் 650 மில்லிமீட்டர் என்றால் அதை 17.817ஆல் வகுக்க வேண்டும். முதல் மெட்டு 36.5 மி.மீ. அருகே வரும். மிச்ச நீளத்தை அதே எண்ணால் வகுத்துக்கொண்டே போனால் 12ஆவது மெட்டு சரிபாதியில், 325இல் வந்து நிற்கும். அதோடு தீர்ந்துவிடாது. விரல் அழுத்தும்போது கம்பி இழுபட்டுச் சுருதி ஏறும் என்பதால் பிரிட்ஜை இரண்டு மூன்று மி.மீ. பின்னுக்குத் தள்ள வேண்டும். நம் சென்னை ஐயப்பன்தாங்கல், காட்டுப்பாக்கம் பக்கத்துக் கிட்டார்ப் பிள்ளைகள் யாராவது வாசிப்போடு நிற்காமல் செய்யவும் புறப்பட்டால், முதல் பாடம் இந்தக் கணக்குதான். நல்ல காது மட்டும் போதாது.

கிட்டார் செய்யும் உலகத்துப் பாணிகளில் பழையவை இரண்டும் தச்சர்களுடையவை. ஸ்பெயின் பாணி என்றால் அல்மேரியாவில் 1817இல் பிறந்த அன்டோனியோ தெ டோரஸ். மேற்பலகையின் அடியில் விசிறிபோல் மெல்லிய சட்டங்களை ஒட்டும் முறையை ஒழுங்குபடுத்தியவர். அவரை ஊக்கப்படுத்தியவர் ஹூலியன் ஆர்காஸ் என்ற வாசிப்புக்காரர். கிட்டாரின் குரல் மேற்பலகையில்தான் இருக்கிறது என்று நிரூபிக்க 1862இல் டோரஸ் பக்கங்களையும் முதுகையும் காகிதக் கூழில் செய்து காட்டினார். மரத்தின் பெயரைச் சொல்லியே விலையை ஏற்றுகிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பார்க்கலாம். மற்றது, 1833இல் ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா போன மார்ட்டினின் வழி. பெருக்கல் குறிபோல் குறுக்கே வெட்டிக்கொள்ளும் சட்டங்கள். இரும்புக் கம்பி ஆறும் சேர்ந்து எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கும். பின்னாளில் அதைத் தாங்குவதற்கு இந்த முறைதான் கைகொடுத்தது.

வாசித்தவர்கள் பட்டறைக்குள் நுழைந்தது பெரும்பாலும் 1960களிலிருந்து. டொரண்டோவில் ஜான் லாரிவே கிளாசிக்கல் கிட்டார் படித்துக்கொண்டிருந்தவர். எட்கர் மன்ச்சிடம் தொழில் கற்றார். லாரிவேயிடம் 1970களில் வேலை பழகியவர்களில் கிரிட் லாஸ்கின் நாட்டுப்பாடல் பாடகர். லிண்டா மன்சரும் அதே பட்டறையில் வளர்ந்தவர். பாட் மெத்தேனிக்காக 1984இல் 42 கம்பிகள் கொண்ட பிகாசோ கிட்டாரைச் செய்தவர் அவர்தான். கலிஃபோர்னியாவில் எர்வின் சோமோஜி, ஃபிளமெங்கோ வாசித்துக்கொண்டிருந்தவர்.

இவர்களுடைய வேலையில் காதுக்கு இடம் கொடுப்பது தட்டல். ஸ்ப்ரூஸ் பலகையை மேல்மூலையில் இரண்டு விரலால் தொங்கவிட்டுப் பிடித்து, மற்றக் கையின் விரல் முட்டியால் நடுவில் தட்டுவார்கள். கனமான பலகை "டக்" என்று அடைத்துக்கொள்ளும். சுரண்டியால் சீவிச் சீவி மூன்று மி.மீ.க்குக் கீழே வரும்போது ஒலி நீளும், கீழ்ஸ்தாயி திறக்கும். இன்னும் கொஞ்சம் சீவினால் இன்னும் திறக்கும் என்ற ஆசை வரும். அங்கே நிறுத்தத் தெரிய வேண்டும். வாசித்தவர்கள் கோட்டை விடுவதும் அங்கேதான்: அன்றைக்கு அபாரமாகப் பேசும் பலகை, எழுபது கிலோ இழுப்பில் இரண்டு வருஷத்தில் வயிறு தள்ளிவிடும்.

நம் நாட்டில் வித்வான்கள் ஆசாரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாத்தியத்தை மாற்றினார்கள். கோட்டுவாத்தியம் நாராயண ஐயங்கார் தாமே சேர்ந்து அதிரும் துணைக் கம்பிகளைச் சேர்த்தார். அவர் பேரன் ரவிகிரண் நவசித்திரவீணை வரை போனார். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் நான்கு ஜோடிக் கம்பிகளை விட்டுவிட்டு ஐந்து ஒற்றைக் கம்பிகளுக்கு வந்தார். ஜெய்ப்பூர் விஸ்வமோகன் பட் கிட்டாரை மோகன் வீணையாக்கி, ரை கூடருடன் சேர்ந்து 1994இல் கிராமி வாங்கினார். கல்கத்தாவின் தேபாசிஷ் பட்டாச்சார்யாவின் சதுரங்கியும் இந்த வரிசைதான். டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்ற வெளிநாட்டுக் கிட்டார்க்காரர் ஜான் மெக்லாக்லின், தம் சக்தி குழுவுக்காகக் கிப்சனின் ஆப்ரஹாம் வெக்டரிடம் ஒரு கிட்டார் செய்யச் சொன்னார். மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழித்து, கம்பியை இழுத்துக் கமகம் பிடிக்க இடம் விட்ட வாத்தியம் அது. வீணையின் மெட்டுகள் உயர்ந்து நிற்பதால் கிடைக்கிற வசதியைக் கிட்டாருக்குக் கொண்டுபோன வேலை.

இத்தனையும் பெருமைதான். ஆனாலும் நம்மவர்கள் பெரும்பாலும் கம்பியைக் கூட்டினார்கள், குறைத்தார்கள். மேற்பலகையோடு மல்லுக்கு நின்றவர்கள் குறைவு. அது இனிமேல் நடக்க வேண்டிய வேலை என்பது என் கட்சி.

அதற்கான தர அளவை வெளியூரிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. வெளிநாட்டுப் பட்டறைகள் 45 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் ஒட்டுகின்றன. நாம் இருப்பது கடலிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள். ஐப்பசி கார்த்திகையில் இங்கே மரம் தண்ணீர் குடித்து உப்பும். மேற்பலகை எழும்பி, கம்பிக்கும் மெட்டுக்கும் இடைவெளி கூடி விரல் நோகும். ஏ.சி. அறைக்குள் வைத்தால் அதே மரம் சுருங்கி விரிசல் விடும். சித்திரை வெயிலில் மவுண்ட்-பூந்தமல்லி சாலை நெரிசலில் மூடிய காரின் டிக்கியில் கிடந்தால், வெள்ளைப் பசை இளகிப் பிரிட்ஜ் தூக்கிக்கொள்ளும். மெட்டுக் கீறலுக்கு அச்சு வெட்டித் தர அம்பத்தூரில் பட்டறைகள் உண்டு. காற்றின் ஈரத்துக்கு அச்சு கிடையாது, செய்கிறவர்தான் இந்த ஊரை அறிந்து செய்ய வேண்டும்.

மரமும் அப்படித்தான். 1969இல் மார்ட்டின் நிறுவனம் பிரேசில் ரோஸ்வுட்டை விட்டுவிட்டு இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. நம் மேற்குத்தொடர்ச்சி மலை ஈட்டி உலகமெங்கும் கிட்டார் முதுகாயிற்று. 2017 ஜனவரியில் சர்வதேச வணிகக் கட்டுப்பாடு வந்தது. செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019 நவம்பரில்தான் விலக்குக் கிடைத்தது. ஈட்டிக்குத் தவம் கிடப்பதைவிட, வீணைக்கு உழைத்த பலாவை முதுகுக்கும் பக்கத்துக்கும் வைத்துப் பார்க்கலாம். டோரஸின் காகிதக் கூழை நினைத்தால் தயக்கம் வேண்டியதில்லை.

கையால் செய்த கிட்டார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பளபளப்பையும் சிப்பி வேலையையும் அப்புறம் பாருங்கள். 12ஆவது மெட்டின் நேர்மேலே விரலைப் பட்டும் படாமலும் வைத்து மீட்டுங்கள். பிறகு அதே மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். ஆறு கம்பியிலும் இரண்டு ஸ்வரமும் ஒன்றாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் விலை பேச வேண்டாம். நின்றால், மழைக்காலத்தில் கொண்டுவந்தால் சரிசெய்து தருவாரா என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.