கறுத்த திரையை வாசிப்பது

அந்தக் காணொலியை நாலைந்து முறை பார்த்திருப்பேன். கிரேக்க அரசின் வானொலி, தொலைக்காட்சி நிறுவனமான ஈ.ஆர்.டி.யின் சிம்பொனிக் குழு. 2013 ஜூன். நிறுவனத்தை இழுத்து மூடியாகிவிட்டது. கலைஞர்கள் வாசித்துக்கொண்டே அழுகிறார்கள். நானும் அழுதேன். அப்புறம்தான் உறுத்தியது: ஒரு அரசாங்க டிவிக்காகவா அழுதேன்?

ஜூன் 11 மாலை அரசின் செய்தித் தொடர்பாளர் மூடல் அறிவிப்பை வாசித்தார். ஊதாரித்தனம் என்று காரணம் சொன்ன அவரே முன்பு அங்கே பத்திரிகையாளராக இருந்தவர். அன்றிரவே ஒளிபரப்பு அறுந்தது. திரை கறுத்தது. 2,600க்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போனது. நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு கிடையாது. பெட்டிக்கடையைக் காலி பண்ணச் சொல்வதற்குக்கூட இதைவிட அவகாசம் கொடுப்பார்கள்.

ஆனால் இதைப் பற்றி எழுதப்படும் இரங்கற்பாக்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. ஏதோ ஜனநாயகத்தின் கோயில் இடிக்கப்பட்ட மாதிரி எழுதுகிறார்கள். கிரேக்க தேசிய வானொலி தொடங்கியதே 1938இல், மெடாக்சாஸின் சர்வாதிகாரத்தில். 1967 முதல் 1974 வரை ராணுவத் தளபதிகளின் குரலாக இருந்ததும் அதுதான். அதற்குப் பிறகு வந்த கட்சிகள் தங்கள் ஆட்களை உள்ளே நிரப்பின. பார்க்கிறவரோ பார்க்காதவரோ, எல்லோருடைய கரண்ட் பில்லிலும் அதற்கான கட்டணம் சேர்ந்து வந்தது. குற்றச்சாட்டு முழுப் பொய்யில்லை. ஆனால் ஆள் நிரப்பிய அதே கட்சிகளின் கூட்டணி அரசுதான் ‘ஆள் அதிகம்’ என்று பூட்டுப் போட்டது. இதை என்னவென்று சொல்ல?

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. ஊழியர்கள் வெளியேறவில்லை. ஏதென்ஸின் அயியா பரஸ்கேவி பகுதியிலுள்ள தலைமையகத்தில் உட்கார்ந்து இணையம் வழியாக ஒளிபரப்பினார்கள். மக்கள் வாசலில் கூடினார்கள். நவம்பர் 7 விடிகாலை போலீஸ் புகுந்து காலிசெய்யும்வரை இது நீடித்தது.

1973 நவம்பரில் ஏதென்ஸ் பாலிடெக்னிக் மாணவர்கள் ராணுவ ஆட்சிக்கு எதிராகத் தாங்களே ஒரு வானொலி நடத்தினார்கள். டாங்கி வாயிற்கதவை உடைத்து உள்ளே வந்தது. அன்று அவர்கள் பேசியது அரசு வானொலியின் பொய்க்கு எதிராக. 40 வருடம் கழித்து அரசு வானொலிக்காரர்களே அந்த மாணவர்களின் இடத்தில் நின்றார்கள்.

அப்படியென்றால் அரசு கைவிட்டால்தான் அரசு ஊடகம் உண்மை பேசுமா? இப்படி முடித்துவிட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது சோம்பேறித்தனமான முடிவு. சிம்பொனிக் குழுவையும் பழைய ஒலிநாடாக்களின் காப்பகத்தையும் உற்சாகத்தை மட்டும் வைத்துக் காப்பாற்ற முடியாது. அதற்குப் பொதுப்பணம் வேண்டும். பணம் தருகிறவன் செய்தி அறைக்குள் கையை நீட்டக்கூடாது, அவ்வளவுதான். இந்த ‘அவ்வளவுதான்’ எங்கேயும் சுலபமாக நடப்பதில்லை.

2015 ஜூன் 11 அன்று, புதிய அரசின் கீழ், அதே பெயரில் ஈ.ஆர்.டி. திரும்பி வந்தது. 2019இல் ஆட்சி மறுபடி மாறியதும் அதன் மேற்பார்வை பிரதமர் அலுவலகத்தின் கீழ் போனது. திரை கறுக்கவில்லை, அதனால் அதற்காக யாரும் அழுகிற காணொலி எதுவும் என் கண்ணில் படவில்லை.

நேற்று மறுபடியும் அந்தக் காணொலியைப் போட்டேன். இந்த முறையும் கண் கலங்கியது. ஆனால் மூடப்பட்ட நிறுவனத்துக்காக இல்லை. பூட்டிய கட்டடத்துக்குள் ஐந்து மாதம் மட்டும் இருந்த அந்த இன்னொரு ஈ.ஆர்.டி.க்காக.